ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும்: எலும்புக்கூட்டுப் படைக்கு வேகமாக வண்ணம் தீட்டும் வழி

மினியேச்சர் (மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்ன உருவங்கள்) வாங்குவதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. தீட்டி முடிப்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய முறைப்படி போனால் ஒரு உருவத்துக்கு முதலில் அடிநிறம், அது காய்ந்ததும் பள்ளங்களில் வாஷ் (நிழலுக்கான நீர்த்த பெயின்ட்), மறுபடியும் மேடுகளில் அடிநிறம், கடைசியாக விளிம்புகளில் வெளிர்நிறம் என்று நாலைந்து அடுக்கு. ஒரு படைத்தலைவனுக்கு அப்படி உட்காரலாம், தப்பில்லை. இருபது சிப்பாய்களுக்கும் அதே மாதிரி உட்கார்ந்தால் பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். மீதி சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே அலமாரியில் கிடக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பல காலமாகக் குறுக்குவழி தேடியிருக்கிறார்கள். அடிநிறம் மட்டும் அடித்துவிட்டு, மரச்சாமானுக்குப் பூசும் நிறமேறிய வார்னிஷில் உருவத்தையே முக்கியெடுத்து உதறுகிற முறை ஒன்று இருந்தது. பள்ளங்களில் பழுப்பு தேங்கிக் காய்ந்ததும் தூரத்திலிருந்து பார்க்கப் பரவாயில்லை என்கிற அளவுக்கு வரும். 2019 ஜூனில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் சிட்டாடல் கான்ட்ராஸ்ட் என்ற பெயரில் 34 நிறங்களை இறக்கியது. அடிநிறம், நிழல், வெளிச்சம் மூன்றும் ஒரே பூச்சில் என்பது அதன் பேச்சு. 2022இல் டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் ஸ்பீட்பெயின்ட் என்றும், ஸ்பெயினின் வயேஹோ எக்ஸ்பிரஸ் கலர் என்றும் அதே வகையைக் கொண்டுவந்தன. பெயர்கள் வேறு, குப்பிகள் வேறு, வேலை செய்யும் விதம் ஒன்றுதான். எதை வாங்கினாலும் இந்தக் கட்டுரை பொருந்தும். பெயர் சொல்ல வேண்டிய இடங்களில் சிட்டாடல் நிறங்களைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வேலை செய்யும் விதத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். சாதாரண அக்ரிலிக் பெயின்ட் அடியில் இருப்பதை மூடும். இது மூடாது. கெட்டியான, ஆனால் நன்றாக வழியக்கூடிய ஒரு மீடியத்தில் (நிறமில்லாத திரவத்தில்) ஒளி ஊடுருவும் நிறத்தைக் கலந்திருக்கிறார்கள். பூசியதும் அது மேடுகளிலிருந்து மெல்ல இறங்கிப் பள்ளங்களில் சேரும். மேட்டில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அதன் வழியாக அடியிலிருக்கும் வெளிர்நிறப் பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) தெரிவதைத்தான் நம் கண் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பள்ளத்தில் படலம் தடிப்பு, அது நிழல்.

ஆக, உங்கள் பிரைமரின் நிறம்தான் உங்கள் வெளிச்சம். பிரைமர் சொரசொரப்பாக இருந்தால் அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் இந்தப் பெயின்ட் கோடிட்டுக் காட்டும். தவறிப் பட்ட இடத்தை இதே பெயின்டால் மூடி மறைக்கவும் முடியாது. கான்ட்ராஸ்ட் அடித்துப் பார்த்துவிட்டு “எனக்கு வரவில்லை” என்பவர்களில் பெரும்பாலோர் பூச்சில் தவறுவதில்லை, அதற்கு முந்தைய வேலையில்தான் தவறுகிறார்கள். பிரஷ் பிடிக்கும் நேரத்தை இந்தப் பெயின்ட் மிச்சப்படுத்தித் தரும். அதில் ஒரு பங்கை முன்வேலைக்குத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

எந்த உருவத்தில் தொடங்குவது?

எலும்புக்கூடு. யோசிக்கவே வேண்டாம். விலா எலும்பு, முதுகெலும்பு, கிழிந்த துணி, நார்நாரான மரம், துருப்பிடித்த கத்தி என்று உடம்பு முழுக்க மேடும் பள்ளமும்தான். பெயின்ட் தானே வழிதேடிப் போய்ச் சேரும். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் டெத்ராட்டில் ஸ்கெலிட்டன்ஸ் பெட்டியில் 20 உருவங்கள் இருக்கும், வேகமுறை கற்றுக்கொள்ள அருமையான பெட்டி. வேறு நிறுவனத்தின் எலும்புக்கூடுகளோ, வீட்டில் முப்பரிமாண அச்சில் எடுத்தவையோ இருந்தாலும் சரி. வழுவழுப்பான கவசம் போட்ட ஸ்பேஸ் மரீன் உருவத்தில் மட்டும் தொடங்காதீர்கள். அகலமான, மொழுமொழுவென்ற தோள்பட்டையில் பெயின்டுக்கு ஓட இடமில்லை. நடுவில் திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

வெளிர்நிறப் பிரைமர் ஸ்ப்ரே ஒன்று. சிட்டாடலில் ரெய்த்போன், கிரே சீர் என்று இரண்டு உண்டு. ரெய்த்போன் தந்தம் கலந்த வெள்ளை; எலும்பு, தோல், மரம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் அதன் மேல் கதகதப்பாக உட்காரும். கிரே சீர் நீலச்சாயல் கொண்ட வெளிர் சாம்பல். நீலம், ஊதா, குளிர்ந்த பச்சைக்கு ஏற்றது. எலும்புக்கூட்டுக்கு ரெய்த்போன்.

ஒருபூச்சு நிறங்களில் தொடக்கத்துக்கு ஐந்து போதும். எலும்புக்கு ஸ்கெலிட்டன் ஹோர்ட், மரத்துக்கு வைல்ட்வுட், தோல்வாருக்கு ஸ்நேக்பைட் லெதர், துணிக்கு ஷையிஷ் பர்ப்பிளோ பிளட் ஏஞ்சல்ஸ் ரெட்டோ உங்கள் விருப்பம், கறுப்புக்கு பிளாக் டெம்ப்ளர். கூடவே கான்ட்ராஸ்ட் மீடியம் ஒரு குப்பி. அந்தக் குப்பியைத் தவிர்க்காதீர்கள். பலர் அதற்குப் பதிலாகத் தண்ணீர் கலக்கிறார்கள். தண்ணீர் கூடினால் பெயின்டின் பிடிப்பு போய்விடும், காய்ந்தபின் ஓரத்தில் மட்டும் கறைவளையம் நிற்கும். நீர்க்க வைக்க வேண்டுமானால் மீடியம்தான்.

சாதாரணப் பெயின்டில் வெள்ளி நிறமான லெட்பெல்ச்சர், திருத்துவதற்கு ரெய்த்போன் குப்பி (ஸ்ப்ரேயின் அதே நிறம் குப்பியிலும் வருகிறது), நல்ன் ஆயில் வாஷ் ஆகியவை வேண்டும். நுனி கூராக நிற்கும் செயற்கை முடிப் பிரஷ் 1 அல்லது 2ஆம் எண்ணில் ஒன்று, சின்னது ஒன்று, டிரைபிரஷ் செய்ய, அதாவது கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் வருட, விறைப்பான பழைய பிரஷ் ஒன்று. விலையுயர்ந்த, இயற்கை முடியாலான கொலின்ஸ்கி பிரஷை இதற்குக் கொண்டுவராதீர்கள். இந்தப் பெயின்ட் முடிக்கற்றைக்குள் ஏறிப்போய் உலோகப் பட்டைக்குள்ளே காய்ந்துவிடும், கொஞ்ச நாளில் நுனி இரண்டாகப் பிளக்கும்.

பெயின்டை ஊற்றிவைக்கும் பேலட்டுக்குப் பழைய பீங்கான் தட்டு போதும். ஈரப் பேலட் வேண்டாம், அதிலுள்ள ஈரம் பெயின்டை நீர்க்கவிடும். சிட்டாடல் குப்பியிலிருந்து நேராகத் தொட்டுத் தீட்டலாம்தான். ஆனால் மூடி திறந்த அந்தக் குப்பி மேசையில் சாய்ந்தால் மொத்தமும் போச்சு, மேசைத்துணியும் சேர்த்துப் போச்சு. ஒட்டுக்களிமண்ணில் குப்பியை அழுத்தி வையுங்கள், அல்லது தட்டில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டி, சுரண்டி, ஒட்டி

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களைக் கிளிப்பரால் வெட்டியெடுங்கள். ஒவ்வொன்றிலும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகுப்பக்கத்தால் அதைச் சுரண்டி எடுங்கள். மூடும் பெயின்ட் என்றால் சின்னக் கோடு மறைந்துபோகும், இதில் மறையாது. கோட்டின் இரு பக்கமும் பெயின்ட் தேங்கி, மண்டையோட்டின் நடுவே வகிடு எடுத்தது போல நிற்கும். மண்டை, துணியின் விளிம்பு, ஈட்டிக் கம்பு, இந்த மூன்றில் மட்டுமாவது கவனமாகப் பாருங்கள். மற்ற இடங்களில் கொஞ்சம் விட்டுப்போனாலும் படையோடு படையாக நிற்கும்போது யாருக்கும் தெரியாது.

கேடயத்தை ஒட்டாமல் தனியாக வைத்தால் நல்லது. ஒட்டிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் விலாவுக்குப் பிரஷ் போகாது. ரெசின் உருவமாக இருந்தால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். மேலே எண்ணெய்ப்பசை இருந்தால் பிரைமர் ஒட்டாது. அடித்தட்டில் மணலை இப்போதே ஒட்டிவிடலாம். ஃபெவிகாலைத் தடவிச் சலித்த ஆற்றுமணலில் அழுத்தினால் போதும், இதற்கென்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

பிரைமர்: இங்கே அவசரம் கூடாது

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம். உருவங்களை ஒரு மரப்பட்டையில் வரிசையாக இருபக்க டேப்பால் ஒட்டிக்கொண்டு வெளிக்காற்றுக்குப் போங்கள். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்துபோய் வெளியே முடியும்படி சிறுசிறு வீச்சாக அடியுங்கள். ஒரே இடத்தில் டப்பாவை நிறுத்தினால் பிளாஸ்டிக்கில் செதுக்கிய நுணுக்கமெல்லாம் அடைந்துபோகும். ஒரு பக்கம், கொஞ்ச நேரம் காயவிட்டு மறுபக்கம், அப்புறம் கீழேயிருந்து ஒரு வீச்சு.

தூரம் அதிகமானாலோ காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலோ பிரைமர் போகிற வழியிலேயே பாதி காய்ந்து, ரவை தூவியது போல மேலே உட்காரும். சாதாரணப் பெயின்டுக்கு அதுவே தொல்லை, கான்ட்ராஸ்டுக்கோ அதோடு கதை முடிந்தது. எலும்பு முழுக்கக் கறும்புள்ளிகள் வரும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை. மழை நாளிலும் விடிகாலையிலும் ஸ்ப்ரே எடுக்காதீர்கள், வெயில் ஏறி ஈரம் குறைந்த பொழுதைப் பாருங்கள். அப்படிப் பொழுதே அமையாத மாதங்களில் பிரஷால் பூசும் பிரைமரை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் வழுவழுப்பாக வரும்.

காய்ந்ததும் விரல் நகத்தால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சறுக்கிக்கொண்டு போக வேண்டும். நெருடினால் விறைப்பான உலர்ந்த பிரஷால் தேய்த்துத் துகளை உதிர்த்துவிட்டு, அருகிலிருந்து ஒரு மெல்லிய வீச்சு கொடுங்கள்.

உருவங்களோடு சேர்த்து நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்கும் பிரைமர் அடித்துவையுங்கள். எந்த நிறத்தையும் முதலில் ஸ்பூனின் முதுகில் பூசிப் பாருங்கள். மூடியின் மேல் தெரியும் நிறத்தை நம்பிப் பயனில்லை. பிளட் ஏஞ்சல்ஸ் ரெட், பிளாக் டெம்ப்ளர், ஷையிஷ் பர்ப்பிள் எல்லாம் சாயம் மிகுந்தவை, அப்படியே பூசினால் வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாமல் கெட்டியாக நிற்கும். சம பங்கு மீடியம் கலந்தால் மேடுகள் திறக்கும். ஸ்கெலிட்டன் ஹோர்ட் தன் பாட்டுக்கே லேசானது, அதற்கு எதுவும் கலக்க வேண்டாம்.

எலும்பில் முதல் பூச்சு

குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். நிறம் அடியில் படிந்து, மேலே வெறும் மீடியம் மட்டும் நிற்கும் வகை இது. உருவத்தைப் பழைய பாட்டில் மூடியில் ஒட்டுக்களிமண்ணால் நிறுத்தி, மூடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உருவத்தைக் கையால் தொட வேண்டாம்.

பெரிய பிரஷை எடுங்கள். சின்னப் பிரஷால் பாதுகாப்பாகத் தீட்டலாம் என்று தோன்றும், ஆனால் இந்தப் பெயின்டுக்கு அது ஆகாது. சின்னப் பிரஷ் கொஞ்சமாகத்தான் எடுக்கும். அடுத்த முறை தொட்டுவிட்டு வருவதற்குள் முந்தைய ஓரம் காய ஆரம்பித்திருக்கும், அங்கே ஒரு கோடு விழும். பிரஷில் பெயின்டை நிறைய ஏற்றி, தட்டின் ஓரத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டு, மண்டையோட்டின் உச்சியில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு போங்கள். சாதாரணப் பெயின்டைத் தேய்ப்பது போல இதைத் தேய்க்கக் கூடாது. நீங்கள் செய்வது பெயின்டை அங்கிருந்து இங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். மண்டை, கழுத்து, விலா என்று ஒரு பகுதியை எடுத்தால் அதை நிறுத்தாமல் முடியுங்கள். நிறுத்த வேண்டுமானால் தோள் மூட்டு, இடுப்புப்பட்டை மாதிரி இயற்கையாக எல்லை வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

மண்டையை முடித்துவிட்டு விலாவுக்கு வரும்போது ஒருமுறை மேலே திரும்பிப் பாருங்கள். கண்குழியில் ஒரு சொட்டு நிறைந்து நிற்கும், அது இருக்கட்டும், நிழல்தானே. தாடையின் அடியில் இன்னொரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அதை விடக்கூடாது. பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும் நுனியை அந்தச் சொட்டில் வையுங்கள். பிரஷ் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி ஒற்றிவிட்டு இடுப்பெலும்பின் அடி, முழங்கைக் குழி, துணியின் கீழ் ஓரம், பாதம் அடித்தட்டைத் தொடும் இடம் இவற்றையெல்லாம் பாருங்கள். எல்லாச் சொட்டும் கீழ்நோக்கித்தான் போகும், எங்கே தேடுவது என்று இரண்டு மூன்று உருவத்திலேயே கண்ணுக்குப் பழகிவிடும். இந்த உறிஞ்சும் வேலைதான் இந்தக் கலையில் பாதி. பூசுவது யார் வேண்டுமானாலும் பூசலாம்.

இதற்கு ஒரு நிமிடம் அவகாசம் இருக்கிறது, வெயில் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டே தீட்டுவது நல்லது. பெயின்ட் பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டால் அதன்பின் எதைக் கண்டாலும் கையை வைக்காதீர்கள். பாதி காய்ந்த படலத்தைத் தொட்டால் அது கிழிந்து, அடியிலிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். முழுக்கக் காய்ந்தபின் சரிசெய்துகொள்ளலாம்.

காயும்போது உருவம் நேராக நிற்கட்டும். சாய்த்துப் படுக்கவைத்தால் நிழல் உடம்பின் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடும். முடி உலர்த்தியை வைத்து விரட்டலாமா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் வேண்டாம், காற்று பெயின்டை வேண்டாத இடத்துக்குத் தள்ளும். மேல்தோல் பிடித்தபின் குளிர்க்காற்றில் தூரத்திலிருந்து காட்டினால் பரவாயில்லை.

ஐந்து ஐந்தாக

ஒரு உருவத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஐந்தை வரிசையாக நிறுத்தி, ஐந்துக்கும் எலும்பு, அப்புறம் ஐந்துக்கும் மரம் என்று நிறவாரியாகப் போங்கள். அடுத்த நிறம் தொடும் முன் முந்தையது அரை மணி நேரம் காயட்டும். அந்த இடைவெளியில் அடுத்த ஐந்துக்கு எலும்பு பூசலாம். இருபதையும் ஒரேயடியாக வரிசையில் நிறுத்துபவர்களும் உண்டு. பதின்மூன்றாவது மண்டையோட்டில் சலிப்பு வந்து, சொட்டு பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

நிறங்களின் வரிசை வெளிரிலிருந்து கருமைக்கு. எலும்பு பூசும்போது பக்கத்திலிருக்கும் மரத்தில் பட்டால் கவலையில்லை, வைல்ட்வுட் அதை விழுங்கிவிடும். மரத்தின் பழுப்பு எலும்பில் பட்டால்தான் வேலை கூடும். அதனால் முதலில் ஸ்கெலிட்டன் ஹோர்டைத் தாராளமாக, உலோகத்தைத் தவிர எங்கே பட்டாலும் சரி என்று அடித்துவிட்டு, அடுத்து துணி, அப்புறம் தோல்வார், மரம், கடைசியில் பிளாக் டெம்ப்ளர். எல்லைகள் நெருங்கும் இடத்தில் பிரஷில் பெயின்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறைய இருந்தால் எல்லையைத் தாண்டித் தானே ஓடும்.

கிழிந்த துணியைக் கொஞ்சம் ஆசையோடு செய்யலாம். தோளருகே மீடியம் கலந்த ஊதாவைப் பூசி, ஈரம் காயும் முன் கீழ் ஓரத்தில் கலக்காத ஊதாவைத் தொட்டுவையுங்கள். இரண்டும் தாங்களாகவே கலந்து மேலிருந்து கீழாகக் கருமை ஏறும். பழைய முறையில் அரை மணி நேரம் எடுக்கும் நிறமாற்றம் இங்கே சும்மா கிடைக்கிறது. எனக்கு இந்தப் பெயின்டுகளில் மிகவும் பிடித்த வேலை இதுதான், வேகத்தைவிடவும்.

ஸ்பீட்பெயின்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022இல் வந்த முதல் பதிப்பு காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். எலும்பின் மேல் வேறு நிறம் வைத்தால் அடியிலிருந்து பழுப்பு கிளம்பி வந்து கலந்துவிடும். 2023இல் வந்த 2.0 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய குப்பிகள் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே வார்னிஷ் அடித்து மூட வேண்டியிருக்கும். அப்புறம் எங்கே வேகம்?

உலோகம்

கத்தி, ஈட்டிமுனை, கேடயத்தின் விளிம்புக்கு லெட்பெல்ச்சரைச் சாதாரணமாகப் பூசி, காய்ந்ததும் நல்ன் ஆயில். துரு வேண்டுமானால் ஆரஞ்சு நிறக் கான்ட்ராஸ்ட் எதையாவது, உதாரணத்துக்கு கிரிஃப்-ஹவுண்ட் ஆரஞ்சை, பிரஷ் நுனியால் ஆங்காங்கே குத்திவிடுங்கள். வெள்ளியின் மேல் நேராக ஒருபூச்சுப் பெயின்ட் அடிக்கவும் செய்யலாம். மஞ்சள் அடித்தால் பழம்பொன், நீலம் அடித்தால் மந்திரக் கத்தி. உலோகத்தை எப்போதும் கடைசியில் வையுங்கள், அதற்குத் தனி நீர்க்குவளையும் வையுங்கள். மினுமினுப்புத் துகள் ஒன்று தண்ணீரில் கலந்தால் அடுத்து பூசும் துணியெல்லாம் ஜரிகை போட்டுக்கொள்ளும்.

திருத்தம்

எலும்பில் கறுப்பு பட்டுவிட்டது. ஈரமாக இருந்தால் சுத்தமான ஈரப் பிரஷால் உடனே ஒற்றியெடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். காய்ந்துவிட்டால் குப்பியிலிருக்கும் ரெய்த்போனை மெல்லியதாக இரண்டு முறை அந்த இடத்தில் மட்டும் பூசி, காய்ந்ததும் மறுபடி ஸ்கெலிட்டன் ஹோர்ட். ஒட்டுப்போட்ட இடம் கொஞ்சம் தெரியும், ஆனால் அடுத்து வரும் டிரைபிரஷ் அதை மறைத்துவிடும். நடுவில் கறைவளையம் விழுந்திருந்தாலும் இதே மருந்துதான். அதன் மேல் இன்னொரு பூச்சு கான்ட்ராஸ்ட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள், வளையமும் கூடவே கருக்கும்.

இங்கேயே நிறுத்திக்கொண்டாலும் படை மேசையில் நிற்கத் தகுதியானதுதான். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் செலவழித்தால் பெரிய மாற்றம் தெரியும். பழைய பிரஷில் ரெய்த்போனையோ ஸ்க்ரீமிங் ஸ்கல்லையோ தொட்டு, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து, நிறமே இல்லை என்று தோன்றும் வரை தேய்த்துவிட்டு, மண்டையுச்சியிலும் விலாவிலும் லேசாக வருடுங்கள். கான்ட்ராஸ்டின் மேடுகள் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், இந்த வருடல் அவற்றைத் தூக்கிக்காட்டும். பிறகு சின்னப் பிரஷால் கண்குழி இரண்டிலும் ஒரு புள்ளி பிளாக் டெம்ப்ளர். பார்ப்பவர் முதலில் பார்ப்பது முகத்தைத்தான், அங்கே மட்டும் செலவழித்தால் போதும்.

அடித்தட்டின் மணலுக்கு ஒரு பழுப்பு, காய்ந்ததும் வெளிர்பழுப்பில் டிரைபிரஷ், விளிம்பைச் சுற்றிக் கறுப்பு. விளிம்பு சுத்தமாக இருந்தால் மொத்த உருவமும் கவனமாகத் தீட்டியது போலத் தெரியும். தனியாக வைத்த கேடயத்தை இப்போது ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்டினால்தான் நிற்கும்.

வார்னிஷ் கட்டாயம்

ஒருபூச்சுப் பெயின்டுகள் மேட்டில் மெல்லிய படலமாகத்தான் நிற்கின்றன என்று முன்பே சொன்னேன். விளையாடும்போது விரல் படுவதும் அந்த மேட்டில்தான். வார்னிஷ் இல்லாமல் நாலு ஆட்டம் ஆடினால் மண்டையுச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். மேட் வார்னிஷ் அடியுங்கள், காய்ந்த பெயின்டில் இருக்கும் லேசான பளபளப்பையும் அது அடக்கும். ஸ்ப்ரே என்றால் பிரைமருக்குச் சொன்ன வானிலைக் கட்டுப்பாடு இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் வெண்பனியாகப் படிந்து, செய்த வேலையை மூடிவிடும். சந்தேகமாக இருந்தால் பிரஷால் பூசும் வார்னிஷையே மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள்.

அடுத்த படைக்கு

எலும்புக்கூடுகள் முடிந்ததும் பச்சைத்தோல் ஆர்க், எலிமனிதர், மிருகங்கள், தோலும் ரோமமும் உள்ள எதை வேண்டுமானாலும் இதே வழியில் செய்யலாம். வழுவழுப்பான கவசத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் கருவி) இருந்தால் கான்ட்ராஸ்டை அதன் வழியாக மெல்லிய அடுக்குகளாக அடிக்கலாம், திட்டு விழாது. இல்லாவிட்டால் கவசத்துக்குச் சாதாரணப் பெயின்டும், துணி, தோல்வார், முடிக்கு ஒருபூச்சும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வகைப் பெயின்டால்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வெளிச்சம் இன்னும் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் ஸ்லாப்சாப் என்று பரவியிருக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புப் பிரைமர் அடித்து, அதன் மேல் சாம்பல் நிறத்தில் தாராளமான டிரைபிரஷ், அதற்கும் மேல் மேடுகளில் மட்டும் வெள்ளையில் ஒரு டிரைபிரஷ். இப்போது உருவம் கறுப்புவெள்ளைப் புகைப்படமாக நிற்கும், அதன் மேல் ஒருபூச்சு நிறங்களைப் பூச வேண்டியதுதான். பள்ளம் ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் சொட்டு உறிஞ்சும் கவலை பாதியாகக் குறையும், நிறங்கள் மட்டும் ஒரு படி கருமையாக வரும். இருண்ட படைகளுக்கு நன்றாகப் பொருந்தும். மஞ்சளுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம், கறுப்பின் மேல் மஞ்சள் அழுக்குப்பச்சையாகத்தான் தெரியும். மஞ்சள் படை தீட்டுவதாக இருந்தால் நேராக ரெய்த்போனின் மேலேயே இயாண்டன் யெல்லோவைப் பூசுங்கள்.